திறந்து பார்த்துத்தான் சொல்வேன்

எங்கள் பக்கத்தில் “ஒண்ணும் ஆவாதுங்க” என்று யாராவது சொல்லாமல் ஒரு காரியமும் தொடங்காது. பரமத்தி வேலூர்ச் சந்தையில் வாழைத்தாரை ஆளுயரத்துக்கு அடுக்கிவிட்டு ஒற்றைக் கயிற்றில் முடிச்சுப் போடுகிறவர் சொல்வார். ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கும்போது குழந்தையை இடுப்பளவில் நிறுத்திக் குளிப்பாட்டுகிறவர் சொல்வார். பிரசவ வார்டில் ஊசியோடு வரும் நர்சு சொல்வார். நான் பயந்தாங்கொள்ளி. யார் சொன்னாலும் நம்புவேன். அந்த வார்த்தை காதில் விழுந்தால் ஒரு மணி நேரம் பயம் அடங்கும். அப்புறம் இன்னொருத்தரிடம் போய்க் கேட்பேன்.

அந்த வார்த்தையை என்னிடம் ஒருமுறைகூடச் சொல்லாத ஒருத்தர் இருந்தார். நாமக்கல்லில் மோகனூர் ரோட்டில், தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டுகிற கடையின் மேல்மாடியில் லேப்டாப் பழுது பார்த்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் அக்கா என்று கூப்பிட்டேன். கரும்புக் காட்டுக்குப் போகிற பெண்கள் போடுவதுபோல நூல் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டிருப்பார். மொடமொடவென்று நைலக்ஸ் சேலை கட்டிக்கொண்டு யாராவது மேசைப் பக்கம் வந்தால், “அக்கட்டால நில்லு கண்ணு, உன் சேலைல இருக்கற கரண்டு எம் போர்டுக்கு ஆவாது” என்று விரட்டுவார்.

மேசைமேல் முப்பது குழி முட்டை அட்டைகள் நாலைந்து கிடக்கும். கழற்றுகிற ஒவ்வொரு திருகாணியையும் கழற்றிய வரிசையில் ஒரு குழியில் போடுவார். முதல் குழி அடிமூடி, இரண்டாவது குழி கீபோர்டு என்று அவருக்கு மட்டும் தெரிந்த கணக்கு. அட்டையை யாரும் நகர்த்தக் கூடாது. டீ கொண்டுவருகிறவர் கிளாசை வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போவார்.

கடைக்குப் பெயர்ப்பலகை இருந்ததாக நினைவில்லை. “திறந்து பார்த்துத்தான் சொல்லப்படும்” என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தது. எழுதியது போதாதென்று வருகிற ஆளிடம் எல்லாம் வாயாலும் சொல்வார். ஒருமுறை கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் கடுப்பாகிக் கத்தினார்.

“சரியாயிரும்னு ஒரு வார்த்த சொன்னா உங்க வாய் தேஞ்சா போயிருமுங்க?”

“சரியானா சொல்றனுங்க.”

“சரியாவுமான்னுதாங்க கேக்கறேன்.”

“அதத்தானுங்க எனக்குத் தெரியலைன்னு சொல்றேன்.”

அவர் லேப்டாப்பை அக்குளில் செருகிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அக்கா அவர் விட்டுப்போன சார்ஜர் வயரைச் சுருட்டி, “திரும்ப வருவாரு” என்று ஆணியில் மாட்டினார். அதுவும்கூட நிச்சயமாகச் சொன்னதில்லை. “வந்தா குடுக்கலாம்” என்று உடனே திருத்திக்கொண்டார்.

நான் போனது மெமரி போடுவதற்காக. கடைக்காரர்கள் ரேம் என்பார்கள். டேங்கர் லாரி கட்டும் பட்டறை ஒன்றுக்கு நான் கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்தே செய் என்று பட்டறையில் ஒதுக்கிவைத்திருந்த பழைய லேப்டாப்பைக் கொடுத்தார்கள். அதில் ஒரு வரைபடத் தாளைத் திறந்தால் நடக்கும், இரண்டு திறந்தால் நொண்டும், மூன்றாவதைத் திறந்தால் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். வட்டம் நிற்பதற்குள் நான் குழந்தைக்குச் சோறூட்டி முடித்துவிடுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு டேங்கருக்குச் சோதனை. அதற்குள் ஐந்து தாள் போயாக வேண்டும். போகவில்லையென்றால் வீட்டு வேலை கிடையாது, ஆபீசுக்கு வந்து உட்கார்ந்துவிட வேண்டியதுதான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். ஒரு வயதுக் குழந்தையை விட்டுவிட்டுக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை உட்கார எனக்கு வழியில்லை. அதாவது வேலை போய்விடும். அதற்கு முந்தைய சனிக்கிழமை மூன்று தாள் முடிந்த நிலையில் பஸ் ஏறி நாமக்கல் போனேன். மடியில் லேப்டாப்.

படியேறி உட்கார்ந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி இது.

“இதுக்குள்ள எது போச்சுன்னா உனக்குச் சோறு எறங்காது?”

“எதுக்குங்க்கா போவோணும்? ரேம் போடத்தானுங்க வந்தேன்.”

“தொறக்கறமல்ல.”

வரைபடங்கள் இருந்த இடத்தைக் காட்டினேன். திருப்புளியைத் தொடுவதற்கு முன்னால் அத்தனையையும் தன்னிடமிருந்த ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்தார். அதன்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி “டேங்கர் புள்ள” என்று எழுதினார். அங்கே யார் பெயரும் எழுதுவதில்லை. எது போனால் சோறு இறங்காதோ அதுதான் பெயர். அலமாரியில் “பிஎச்டி வாத்தியார்”, “தீவன ஃபார்முலா”, “போர்வெல் ரிக் வண்டி போட்டோ” எல்லாம் வரிசையாக நின்றன. வேலை முடிந்து ஒரு மாதம் ஆனதும் போன் செய்து கேட்டுவிட்டு அழித்துவிடுவாராம். ஓரத்தில் ஒன்றுமட்டும் காகிதம் பழுத்துப்போய் “கல்யாண வீடியோ” என்று இருந்தது.

நகல் எடுத்த பிறகாவது ரேமைப் போடுவார் என்று பார்த்தால், என் லேப்டாப்பின் டிஸ்க் நல்லபடியாக இருக்கிறதா என்று சோதிக்க ஆரம்பித்தார். அரை மணி நேரம். பிறகு, “வீட்ல எப்படி வேல செய்வியோ அப்படியே செய்” என்று மூன்று தாளையும் திறக்கச் சொன்னார். எந்த இடத்தில் மெமரி நிரம்புகிறது என்று கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் மூச்சை இழுத்து விடுகிற மாதிரி நான் டேங்கரைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். அப்புறம்தான் அடிமூடியைக் கழற்றினார். திருகாணிகள் முட்டைக் குழிகளில் விழுந்தன.

“ரெண்டு எடம் இருக்குது. ஒண்ணுல நாலு ஜிபி, ஒண்ணு காலி. இந்த மிசினுக்குக் கம்மி வோல்ட்டு ரேமுதான் ஆவும், அதப் பாத்து வாங்கோணும். எட்டு ஒண்ணு போட்டாப் போதும். இருக்கற நாலோட சேந்து பன்னெண்டு.”

“பதினாறா போட்டுட்டா இன்னும் ஜோரா ஓடாதுங்களா?”

“நீ தொறக்கறது பத்துக்கு மேல போவலையே. எதுக்கு?”

“சரிங்க்கா, எட்டே போடுங்க.”

“போட்டு ஒரு நாள் முழுக்க ஓட உட்டுப் பாக்கோணும். திங்கக்கெழம பொழுதோட வா.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. திங்கள் மாலைவரை மெசினை விட்டுவிட்டு எப்படி வரைவது? பத்து நிமிட வேலைதானே, போட்டுக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். கடைசியில் எனக்கு வேண்டியதை வாய்விட்டே கேட்டேன். “ஒண்ணும் ஆவாதல்லங்க்கா?”

“தெரியல கண்ணு.”

“தெரியலைன்னா எப்படிங்க?”

“தெரியலைன்னா தெரியல.”

இவரெல்லாம் கடை வைத்து என்ன பிரயோஜனம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே மூடிய மெசினை வாங்கிக்கொண்டு இறங்கினேன். அக்கா காசு வாங்கவில்லை. “ஒண்ணும் பண்லியே” என்றார்.

என் வீட்டுக்காரர் லாரி பாடி கட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை தகரம் எடுக்கச் சேலம் போனவர் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போனார். அங்கே ஒரு கடையில் நின்ற நிலையில் பத்து நிமிடத்தில் எட்டும் எட்டும் பதினாறு போட்டு வாங்கிவந்தார். “கண்ண மூடிக்கிட்டுப் போடுங்க, ஒண்ணும் ஆவாது” என்று கடைக்காரர் சொன்னாராம். அந்த ஒரு வரிக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

“பழைய நாலு எங்கீங்க?” என்று கேட்டேன்.

“அத எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டேன் புள்ள. பின்னாடி ஜோடி டயர்ல ஒண்ணு தேஞ்சதும் ஒண்ணு புதுசும் போடுவாங்களா? லோடு பூரா புதுசு மேலயே ஏறி வெடிச்சுப் போயிரும். போட்டா ஜோடியாத்தான் போடோணும்.”

அவர் சொன்னது லாரிக்குச் சரி. எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் அது தெரியும். எனக்கும் சரியாகத்தான் பட்டது. திறந்து பார்த்தால் பதினாறு என்று காட்டியது. மூன்று தாளும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. வட்டமே வரவில்லை. திங்களும் செவ்வாயும் நான் பாட்டுப் பாடிக்கொண்டு வரைந்தேன். முதல் மூன்று தாளில் சின்னச் சின்னத் திருத்தம் செய்தேன், நான்காவதையும் ஐந்தாவதையும் முடித்தேன். அந்த அக்காவைப் பற்றி வீட்டுக்காரரிடம் நையாண்டிகூடச் செய்தேன். “தெரியல கண்ணு” என்று அவரைப்போல இழுத்துச் சொன்னதும் குழந்தையும் சிரித்தது.

புதன்கிழமை காலை மூன்றாவது தாள் திறக்கவில்லை. கோப்பு கெட்டிருக்கிறது என்று வந்தது. ஒன்றும் இரண்டும்கூட அப்படித்தான். நான்காவது திறக்காமலேயே திரை நீலமாகி மெசின் அணைந்தது. மறுபடி போட்டு ஐந்தாவதைத் திறந்தேன். டேங்கரின் பின்பாதி காணோம். முன்பாதியும் சக்கரமும் இருந்தன, மற்ற இடமெல்லாம் வெள்ளை. இடுப்பிலிருந்த குழந்தை எதற்கு அழுகிறதென்றுகூடத் தெரியாமல் நின்றேன். மேனேஜருக்குப் போன் செய்து ஒரு நாள் தள்ள முடியுமா என்று கேட்டேன். “இன்ஸ்பெக்ஷன் நம்ம கைல இல்லீங்மா. முடியலைன்னா சொல்லிருங்க, ஆபீஸ்ல ஆளப் பாத்துக்கறோம்” என்றார்.

வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல் குழந்தையை வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பஸ் ஏறினேன். வழி நெடுக, அக்கா என்னென்ன சொல்லிக் காட்டுவார், அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். டயர்க் கடையின் ரப்பர் வாசனை வந்ததும் அதுவரை யோசித்த பதிலெல்லாம் மறந்துபோயிற்று.

அவர் ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. “நான் அப்பவே சொன்னேன்” என்று சொல்லாத மனிதரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. மூடியைக் கழற்றினார். இரண்டு ரேமையும் வெளியே எடுத்து முட்டை அட்டையில் பக்கத்துப் பக்கத்துக் குழியில் நிறுத்தினார்.

“பழைய நாலு எங்க?”

டயர்க் கதையைச் சொன்னேன். அக்கா சிரித்தார். முதல்முறை பார்த்தேன், மேல்பல் ஒன்று இல்லை. கீழே கடையைக் கையால் காட்டி, “டயரு தேயும் கண்ணு. ரேமு தேயாது. ஓடுதா ஓடலியா, அம்புட்டுத்தான். நல்லா ஓடிக்கிட்டிருந்தத எதுக்குக் கழட்டோணும்?” என்றார்.

ஒரு ரேமை மட்டும் போட்டுச் சோதனையை ஓடவிட்டார். எழுதிப் பார்க்கும், படித்துப் பார்க்கும், எழுதியதும் படித்ததும் ஒன்றுதானா என்று பார்க்கும். முதல் சுற்றில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. நான் எழுந்து நின்றேன். “நல்லாருக்குதுங்களா?” என்றேன். அவர் நாற்காலியைக் காட்டினார். மூன்றாவது சுற்றில் மெசின் நன்றாகச் சூடேறிய பிறகு திரையில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு திரை முழுக்கச் சிவப்பு.

“சூடானா பொய் சொல்லுது. நீ எழுதுனது ஒண்ணு, இது வெச்சிருந்தது ஒண்ணு” என்று அதை எடுத்து ஓரத்தில் வைத்தார். அடுத்ததைப் போட்டார்.

அது ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அலமாரியில் இருந்த அந்தப் பழுத்த காகிதத்தைக் காட்டி, அது யாருடையது என்று கேட்டேன். பேச்சுக் கொடுக்காவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

“கடை வெச்ச புதுசு. மோகனூர்ப் பக்கமிருந்து ஒரு பெரியவரு வந்தாரு. மக கல்யாண வீடியோ லேப்டாப்புல நின்னு நின்னு ஓடுது, ரேமு போட்டா சரியாயிருமான்னு கேட்டாரு. தொறக்கக்கூட இல்ல, ஒண்ணும் ஆவாதுங்கன்னு சொன்னேன். ரேமு போட்டுக் குடுத்தேன். நாலே நாளு. மெமரி பத்தலைன்னு நெனச்சது தப்பு கண்ணு. டிஸ்க்கு செத்துக்கிட்டு இருந்திருக்குது. அதப் பாக்கவேயில்ல நானு.”

“வேற காப்பி இல்லீங்களா?”

“இல்ல. அந்தப் புள்ள கல்யாணமாயி ஒரு வருசத்துல தவறிப் போச்சு. அதத்தான் தெனமும் போட்டுப் பாத்துக்கிட்டு இருந்திருக்கறாரு.”

“திட்டுனாருங்களா?”

“திட்டியிருந்தா மறந்திருப்பேன். பரவால்லைம்மான்னுட்டாரு. அப்புறம் மூணு தடவ வந்து பாத்தாரு. ஒண்ணும் எடுக்க முடியல. பொறவு வரவேயில்ல. போன் நம்பரும் மாறிப் போச்சு.”

அதற்குப் பிறகு பல வருடம் பெரியவர் விட்டுப்போன அந்தச் செத்த டிஸ்க்கை அடிக்கடி எடுத்து வைத்துக்கொண்டு நோண்டியிருக்கிறார். கிடைத்ததை எல்லாம் ஒட்டவைத்ததில் பதினோரு நிமிடம் தேறியது. ஊரும் சரியாகத் தெரியாது. மோகனூர்ப் பக்கம் போகிற ஆட்களிடம் எல்லாம் சொல்லிவிட்டிருந்தார். என் ரேம் இரண்டு சுற்றுத் தாண்டியிருந்தது. நான் அதை மறந்துபோய் அந்தப் பழுத்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணி மூன்றரை ஆகிவிட்டது. அந்த இரண்டாவது ரேமில் சிவப்பு விழவில்லை. இருந்தும் அக்கா தலையை ஆட்டினார். ஒரு நாள் முழுக்க ஓடாமல் அதை நம்புவதற்கில்லை என்றார். கடையிலிருந்த புதுசும் அப்படித்தான். எனக்கிருந்தது நாளைக்கு ஒரு பகல்.

“அக்கா, வெள்ளிக்கெழம காலைல பத்து மணிங்க” என்றேன். சொல்லும்போதே தேம்பிவிட்டேன்.

அவர் கடையில் தான் வேலை செய்கிற, மூலையெல்லாம் தேய்ந்துபோன தன் சொந்த லேப்டாப்பை இழுத்து, அணைத்து, கவிழ்த்துப் போட்டார். இன்னொரு முட்டை அட்டையை எடுத்தார். திருகாணிகளைக் கழற்றி அதற்குள்ளிருந்த எட்டு ஜிபியை எடுத்து என்னுடையதில் அழுத்தினார். டக்கென்று சத்தம் வந்தது.

“நாலு வருசமா எங்கிட்ட ஓடுது. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். இன்னொரு எடம் காலியாவே இருக்கட்டும்.”

“உங்க மிசினு?”

“அதுக்கென்ன அவசரம்.”

“டேங்கர் புள்ள” டிஸ்க்கிலிருந்து முதல் மூன்று தாளும் சனிக்கிழமை இருந்தபடி திரும்பி வந்தன. திருத்தங்கள் போயிருந்தன, தாள்கள் இருந்தன. நான்கும் ஐந்தும் முழுதாகப் போய்விட்டன. அதை மறுபடி வரைய வேண்டும். ஒவ்வொரு முறை சேமித்த பிறகும் மூடிவிட்டு, மறுபடி திறந்து பார்த்து, பென் டிரைவில் ஒரு நகல் போட்டுவிட்டு மேலே போகச் சொன்னார். படியிறங்கப் போன நான் திரும்பி நின்றேன். அவ்வளவும் கேட்ட பிறகும், என் வாய் சும்மா இருக்கவில்லை.

“இனி ஒண்ணும் ஆவாதுங்களாக்கா?”

“வெள்ளிக்கெழம அனுப்புனதும் போன் பண்ணு. அப்ப எனக்கும் தெரியும்.”

ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது. வியாழன் முழுக்கக் குனிந்த தலை நிமிரவில்லை. வீட்டுக்காரர் சமைத்தார், குழந்தையைக் கொல்லைப் பக்கம் தூக்கிப்போய் வைத்துக்கொண்டார். மூடினேன், திறந்தேன், பார்த்தேன். டேங்கரின் பின்பாதி ஒவ்வொரு முறையும் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு ஐந்து தாளையும் அனுப்பினேன். “வந்துருச்சுங்மா” என்று மேனேஜர் பதில் போட்டார். வேலை தப்பித்தது.

அக்காவுக்குப் போன் செய்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டார். அந்தக் கடையில் போன் ஏழெட்டுத் தடவை அடித்த பிறகுதான் எடுப்பார், கையில் எப்போதும் வேலை இருக்கும்.

“போயிருச்சுங்க்கா. அஞ்சும் போயிருச்சு.”

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. “சரி கண்ணு” என்று வைத்துவிட்டார். அன்றைக்குத்தான் தெரிந்தது, என்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி அவர். எனக்குப் பயம் வந்தால் யாராவது ஒரு வார்த்தை சொல்லி அதைப் போக்க வேண்டும். அவர் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டே உட்கார்ந்து வேலை செய்தார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் அவரிடம் கேட்கவில்லை.

மூன்று வருடம் கழித்து ஒரு காலைப் பொழுதில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன்னால் வந்ததே இல்லை. அந்த முழுக்கைச் சட்டை இல்லாமல் பார்க்க வேறு யாரோ போலிருந்தார். நன்றாக இளைத்திருந்தார். திங்கட்கிழமை கோயம்புத்தூரில் ஆபரேஷன் என்றார். வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

“என்னங்க்கா சொல்றாங்க?”

“தொறந்து பாத்துத்தான் சொல்ல முடியும்னு டாக்டர் சொல்லிட்டாரு.” காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். “நல்ல டாக்டரு.”

ஒண்ணும் ஆவாதுங்க்கா என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எங்கள் ஊரில் வளர்ந்த நாக்கு, அதற்கு வேறு ஒன்றும் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினேன். அவருடைய கேள்வியையே கேட்டேன்.

“எது போச்சுன்னா உங்களுக்குச் சோறு எறங்காதுங்க்கா?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதற்காகத்தான் வந்ததுபோலப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து டீப்பாயில் வைத்தார். அதில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. எழுத்து புதிது. கல்யாண வீடியோ.

“எங்கிட்ட ரெண்டு இருக்குது. இது மூணாவது. வெச்சிருந்தா மட்டும் பத்தாது கண்ணு, மாசம் ஒருக்கா தொறந்து பாக்கோணும். கெட்டுப் போற மாதிரி தெரிஞ்சா வேறொண்ணுல மாத்திரு.”

“உங்க ஊட்டு ஆளுங்ககிட்ட இருக்கட்டுமேங்க்கா.”

“யாரூட்டுக் கல்யாணமோன்னு அழிச்சுப் போடுவாங்க. நீ பயப்படுவ. பயப்படறவ அழிக்க மாட்டா.” கீழே இருக்கும் டயர்க் கடையில் என் நம்பரைக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். “அந்தப் பெரியவரு என்னைக்காச்சும் வந்தா உன்னக் கூப்புடுவாங்க.”

ரெண்டு மணி பஸ்ஸுக்கு அவரைக் கொண்டுபோய் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, “வாரேன் கண்ணு” என்றார். நான் கையை ஆட்டினேன்.

திறந்து பார்த்தார்கள். அப்படியே மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து நான்கு மாதம் இருந்தார். இருமுறை போய்ப் பார்த்தேன். இரண்டாம் முறை, “தொறந்து பாத்தியா?” என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் என்றேன். தலையை அசைத்தார். அவர் போன பிறகு கடையில் மொபைல் கவர் விற்க வந்துவிட்டார்கள். அந்த முட்டை அட்டைகளையும் அலமாரியையும் யார் என்ன செய்தார்களோ. அவரிடமிருந்த மற்ற இரண்டு நகலும் எங்கே போயின என்று அவர் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. இப்போது இருப்பது என்னிடம் இருப்பது மட்டும்தான். அதை நான் மூன்றாக்கி வைத்திருக்கிறேன்.

அந்தப் பழைய லேப்டாப் இன்னும் ஓடுகிறது. பட்டறையில் புதுசு கொடுத்துவிட்டார்கள், இதைத் திருப்பிக் கேட்கவில்லை. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி மூன்று நகலையும் அதில்தான் போட்டுப் பார்க்கிறேன். ஒரு இடத்தில் அவருடைய ரேம், இன்னொரு இடம் காலி. மணமேடையில் அந்தப் பெண் மாலையைச் சரிசெய்கிறாள். யாரோ ஏதோ சொல்ல, பக்கவாட்டில் திரும்பிச் சிரிக்கிறாள். பதினோராவது நிமிடத்தில் தோளில் துண்டு போட்ட ஒருவர் குனிந்து அவள் நெற்றி வியர்வையை ஒற்ற வருகிறார். கை நெற்றிக்குப் போவதற்குள் படம் நின்றுவிடுகிறது. அவர்தான் அந்தப் பெரியவராக இருக்க வேண்டும். பென் டிரைவைச் செருகும்போது ஒவ்வொரு முறையும் எனக்குப் பயம்தான். என் மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. “யாரும்மா இவங்க?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். “தெரியாதவங்கள எதுக்குப் பாக்கற?” என்றாள். ஓடுகிறதா என்று பார்க்கிறேன் என்றேன்.

டயர்க் கடைக்காரர் இரண்டு முறை மாறிவிட்டார். ஒவ்வொரு முறையும் போய்ப் புது ஆளிடம் என் நம்பரைச் சொல்லி, சுவரில் எழுதவைத்துவிட்டு வந்திருக்கிறேன். அந்தப் பெரியவர் இன்னும் இருக்கிறாரா, இருந்தால் எங்கே, ஒன்றும் தெரியாது. தெரியாத நம்பரிலிருந்து எனக்கு அடிக்கடி போன் வரும். பெரும்பாலும் லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள். வீட்டுக்காரர் எடுக்காதே என்கிறார். நான் முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுகிறேன்.